எண்ணெய் குடித்த தேக்கு மேசைக்கு எப்பாக்சி பூசலாமா?

நண்பர் ஒருவர் எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு மேசைக்கும் இதே மாதிரி எப்பாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகுகிற ரெசின் பூச்சு) ஊற்றலாமா என்று கேட்டார். மேசை அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். குழம்பு சிந்தினால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, போதும். தேக்கின் வரிகள் இப்போதுதான் நனைந்த மாதிரி ஆழமாகத் தெரிகின்றன. என் கோபமெல்லாம் டப்பாவோடு வந்த தாள் மேல். "பரப்பில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வேலையே அந்த ஒரு வரிதான் ஐயா!

இந்த மேசையை முன்பு வைத்திருந்தவர் 'டீக் ஆயில்' தேய்த்தே வளர்த்திருக்கிறார். அது தேக்கிலிருந்து எடுப்பதில்லை. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் என்கிற மரத்தின் கொட்டை எண்ணெயோ, அதோடு கொஞ்சம் வார்னிஷும் தின்னரும். காற்றுப் பட்டு இறுகுகிற ரகம் என்பதால் சுரண்டி எடுக்க முடிகிறது. மினரல் ஆயில் தேய்த்த மரமாக இருந்தால் அது காயவே காயாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். போதாததற்குத் தேக்குக்குச் சொந்த எண்ணெய் வேறு.

80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கினால் கொஞ்ச நேரத்திலேயே தாளில் பழுப்பு நிறத்தில் பிசின் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்கிறது, உடனே தாளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் எடுத்த எண்ணெயையே திரும்பத் தேய்க்கிறோம். அப்புறம் வெள்ளைத் துணியில் அசிட்டோன், நகப்பூச்சை அழிக்கிற அதே கரைப்பான். ஊற்றக் கூடாது, ஊற்றினால் எண்ணெய் கரைந்து உள்ளே இறங்கிவிடும். துணியை நனைத்து ஒரே திசையில் துடைத்து, மடிப்பை மாற்றி, மறுபடியும். தேநீர் நிறத்தில் வந்துகொண்டே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, பரவினால் சரி. இதெல்லாம் ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு. எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் போடவே போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

எங்கேயாவது எண்ணெய் மிச்சமிருந்தால் ரெசின் அந்த இடத்தைத் தொடாமல் விலகி, கடுகளவு குழிகளை விட்டுவிடும். அதனால் முதலில் மெல்லிய பூச்சு ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு மேலே ஊற்றுவது நல்லது.

சிங்கப்பூர் ஈரப்பதம் தனித் தொல்லை. மழை நாளில் பூசினால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். தின்னரால் துடைத்து என்ன பயன், வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பாஞ்சும்தான் அதற்கு மருந்து. அதைக் கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் ஒட்டாது.

இத்தனைக்கும் அப்புறம் போன மாதம் மேசையின் ஒரு நுனி, இழைகள் முடிகிற இடம், மீன் செதில் மாதிரிப் பெயர்ந்தது. அதிகமாக எண்ணெய் குடிக்கிற இடமே அதுதான். சுரண்டி மறுபடி பூசினேன், கிட்டப் போய்ப் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரிகிறது. சூடான சட்டியையும் நேரே வைக்க முடியாது. சாதாரண மேசை எப்பாக்சி பல 60 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பிக்கும்.

அதனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம், எண்ணெயே தேயுங்கள். ஊற்றியே தீருவேன் என்றால், எண்ணெய் பட்ட ஓர் ஓரத்தில் முதலில் கொஞ்சம் பூசி, ஒரு வாரம் விட்டு, கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள். பெயர்ந்தால் மிச்ச ரெசினை எனக்குக் கொடுத்துவிடுங்கள், இன்னொரு நுனியும் லேசாக வெளுக்கிறது.