உப்புக்காற்றில் ஓடும் காருக்கு மலிவு ரிப்பேர்: எது தேறும், எது தேறாது

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் தாண்டி ராமேஸ்வரம் வரையும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையும் சாலையோர ஷெட்டுகளில் ‘சீப்பா முடிச்சிரலாம்ணே’ என்று சொல்லிச் செய்யப்படும் வேலைகளின் மதிப்பீடு இது. கடைப் பெயர் எதுவும் இதில் இல்லை. ஒரே ஷெட்டில் பிரேக் வேலை சுத்தமாகவும் ரேடியேட்டர் வேலை படுமோசமாகவும் நடப்பதுண்டு. அதனால் மார்க் கடைக்கு இல்லை, வேலைக்குத்தான்.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, உலோகத் துருவைச் சோதிக்கும் நிலையத்தை மண்டபத்தில் வைத்தது காரணமில்லாமல் இல்லை. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மக்னீசியம் குளோரைடும் உண்டு. முன்னது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் வந்தால்தான் நீரை இழுத்துக் கரையும். பின்னதற்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் அதற்குக் கீழே ஈரப்பதம் இறங்குவது அபூர்வம். கார் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், அடியில் உப்புப் படலம் நனைந்தபடியே இருக்கும். மதுரையில் நாலு வருடம் ஓடும் ஒட்டுவேலை இங்கே சீக்கிரம் பல்லிளிப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் அண்டர்பாடி கோட்டிங். இந்தக் கரையில் அதிகம் விற்கும் சேவையும் இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மலிவு ரகம் எப்படி நடக்கிறது? காரை லிஃப்டில் ஏற்றி, ஒரு தரம் தண்ணீர் அடித்து, ஈரம் போவதற்குள் கறுப்பு பிட்டுமன் (தார்) பெயின்டை அடித்து இரண்டு மணி நேரத்தில் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கப் புதுக் கார் மாதிரி இருக்கும். அந்தக் கறுப்புத் தோலுக்கு அடியில் உப்பும் ஈரமும் சிறைப்பட்டுக் கிடக்கும். தோல் கிழியும்வரை துரு வெளியே தெரியாது. கிழியும்போது தகடு சல்லடையாகியிருக்கும். கோட்டிங்கே அடிக்காத காரில் துரு கண்ணிலாவது படும். அதனால் அவசரக் கோட்டிங்கைவிட வெறும் அடிப்பாகமே மேல்.

ஒழுங்கான வேலைக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். நான்கு சக்கரத்தையும், மட்கார்டு பிளாஸ்டிக் லைனர்களையும் கழற்றி, நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ் செய்து, இரவு முழுக்கக் காய விட வேண்டும். மறுநாள் துரு பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, குழியில் தங்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, அது கறுத்துக் காய்ந்த பிறகு எபாக்ஸி அல்லது ஜிங்க் பிரைமர், அதன்மேல்தான் ரப்பர் வகைக் கோட்டிங். கதவின் உட்புறம், ரன்னிங் போர்டு, சேஸிஸ் பெட்டிக்குள் நீளமான நாஸிலை விட்டு, உள்குழிகளைத் துருவிலிருந்து காக்கும் கேவிட்டி வாக்ஸ் அடிப்பது கடைசி வேலை. கார் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான். ஆனாலும் மலிவு பேக்கேஜில் வாக்ஸ் இருக்கவே இருக்காது. கதவு, ரன்னிங் போர்டு அடியில் இருக்கும் வடிகால் துளைகள் அடைபட்டால் மழைநீர் உள்ளே தொட்டி கட்டிவிடும். வண்டியை எடுக்குமுன் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிட வேண்டும். சைலன்ஸர், பிரேக் டிஸ்க், காலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள் மேல் கோட்டிங் பட்டிருந்தால் துடைத்துத் தரச் சொல்ல வேண்டும்.

கோட்டிங்குக்குக் காசில்லை என்று பழைய எஞ்சின் ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து அடியில் அடிக்கும் வழக்கமும் இருக்கிறது. இரும்பை அது கொஞ்ச காலம் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் சஸ்பென்ஷன் புஷ், ஆக்சில் பூட், ஸ்டெபிலைஸர் ரப்பர் எல்லாம் ஊதிப் போகும், பிரேக் பேடில் ஒரு துளி பட்டாலும் பேடு வீண். மணலும் ஒட்டிக்கொள்ளும். புஷ் செட் மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் என்று எதுவும் கையில் நிற்காது.

கோட்டிங்கைவிட முக்கியமானது வாட்டர் வாஷ். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போய்வரும் கார்களின் அடியில் உப்பு மணல் அப்பிக்கொள்ளும், அன்றே கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்றுதான் யாரும் கேட்பதில்லை. கரையோரம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. நூறு ரூபாய் குறைவு என்று அதில் கழுவினால் காருக்கு இன்னொரு பூச்சு உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கே இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராமும், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரையும் சொல்கிறது. மீட்டர் 2000-க்கு மேல் காட்டும் கடையில் மேல்பாடியைக்கூடக் கழுவ வேண்டாம்.

அடுத்தது கூலிங். ரேடியேட்டரில் சின்னக் கசிவு என்றால் மஞ்சள்தூள் போடுவது நம் ஊர்ப் பழைய வைத்தியம். சமயத்தில் கசிவு நிற்கவும் செய்யும். ஆனால் மஞ்சளுக்கு ஓட்டை எது, டியூப் எது என்று தெரியாது. கசியும் இடத்தை அடைப்பதுபோலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். நடுவழியில் நின்றால் ஊர் போய்ச் சேர ஒரு ஸ்பூன், அத்தோடு சரி. போட்ட வாரமே ரேடியேட்டரைக் கழற்றி வேலை பார்க்காவிட்டால் அடுத்த கோடையில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறி, ஹெட் கேஸ்கட் போய், அலுமினிய ஹெட் வளைந்து, லேத் பட்டறையில் ஃபேஸிங் அடித்துச் சமப்படுத்தும் நிலை வரும். ரேடியேட்டர் செலவு நான்கு இலக்கம். ஹெட் இறக்கினால் ஐந்து இலக்கம்.

கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது இதைவிட மெதுவான விஷம். நம் தண்ணீரின் குளோரைடு அலுமினியத்தில் ஊசிக்குழி போடும், கடினத்தன்மை எஞ்சின் பிளாக்குக்குள் சுண்ணாம்பாகப் படியும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அந்தக் கலவை 107 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியில் 1.1 என்று அச்சிட்டிருந்தால் 1.1 பார் அழுத்தம் என்று பொருள். அந்த அழுத்தம் கொதிநிலையை இன்னும் 20 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியை மாற்றாமல் கூலன்ட் மட்டும் ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்த 20 டிகிரியை இழக்கிறார்கள். மூடி சில நூறு ரூபாய்தான்.

கூலன்ட் மாற்றுவதில் நல்ல ஷெட்டுகூட ஒரு இடத்தில் சறுக்கும். கீழே டிரெயின் திறந்தால் முழுத் தண்ணீரும் வெளியேறாது, கணிசமான அளவு பிளாக்குக்குள் நிற்கும். அதன்மேல் ஏற்கனவே தண்ணீர் கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். சரியான முறை: டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மேல் ஹோஸ் சூடாகும்வரை எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு வடித்து, தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பிறகு மொத்தக் கொள்ளளவில் பாதி அளவுக்கு தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் முதலில். மீதி இடத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். சிறிய கார்களில் மொத்தம் 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு கார் மேனுவலில் இருக்கும். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்கக் கூடாது, நிறம் வெறும் சாயம். மேனுவலில் உள்ள ரகத்தைப் பார்க்க வேண்டும். ரகம் மாறிக் கலந்தால் குழகுழவென்று கூழாவதும் உண்டு.

‘ஹீட் ஆகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சிரலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. 82 முதல் 88 டிகிரியில் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறத் தாமதமாகும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ., எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் விடும். மைலேஜில் போகும் காசு புதுத் தெர்மோஸ்டாட்டின் விலையை எளிதில் தாண்டும். அசல் கோளாறு அடைபட்ட ரேடியேட்டர் என்றால் அது அப்படியே இருக்கும்.

பிரேக்கில், டூப்ளிகேட் பேடு கெடுதல் என்பது தெரிந்த சேதி. தெரியாத சேதி, ஒரிஜினல் பேடு போட்டும் காசு வீணாவது. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் உப்பில் இறுகிவிட்டால் உள்பக்க பேடு தேய்ந்து முடியும்போது வெளிப்பக்கம் பாதிகூடத் தேய்ந்திருக்காது. பேடை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிதான். பின்னை உருவி, துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ் தடவி, ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றிப் பூட்ட வேண்டும். சாதாரண சேஸிஸ் கிரீஸ் தடவினால் பூட் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் சுரண்டித் திரும்பப் போடும் ‘சிக்கனம்’ வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்: டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155. இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றியே ஆக வேண்டும். பாதி தீர்ந்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றவிடாமல், சீல் உடைக்காத டப்பாவைக் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்.

ஏ.சி.யில் வருடாவருடம் ‘கேஸ் டாப்அப்’ அடித்துக்கொண்டிருப்பது மாதத் தவணை கட்டுவது மாதிரி. ஏ.சி. கேஸ் தானாகக் கரைந்து போகிற பொருளில்லை. வருடத்துக்குள் தீர்ந்தால் எங்கோ கசிகிறது. இந்தக் கரையில் முதல் சந்தேகம் முன்னால் நின்று கேஸை ஆறவைக்கும் கண்டென்ஸர் மேல். அலுமினியத் துடுப்புகள் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதன் காலம் நெருங்கிவிட்டது. நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி சோப்பு நுரையாலோ, யு.வி. டையாலோ கசிவைக் கண்டுபிடித்த பிறகே கேஸ். அதற்கு முன் இருபது, முப்பது நிமிடம் வாக்யூம் போட வேண்டும்; குழாயில் தங்கிய ஈரம் போகாவிட்டால் உள்ளே அமிலமாகி கம்ப்ரஸரைத் தின்னும். எத்தனை கிராம் என்பது பானட் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். எடைத் தராசு இல்லாமல் ‘கூலிங் வர்ற வரைக்கும்’ அடிக்கும் இடத்துக்கு மார்க் பூஜ்யம்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியை மாற்று, செல்ஃப் மோட்டாரை மாற்று என்று ஆயிரக்கணக்கில் செலவு வைப்பார்கள். முதலில் எர்த் ஒயர். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை எஞ்சின் பிளாக்கில். ஆள் ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். முனையைக் கழற்றி, எமரி தாள் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் முடிந்தது. இறுக்குவதற்கு முன் பூசக் கூடாது.

கிளட்ச், டைமிங் பெல்ட் இரண்டிலும் கணக்கு எளிது: பொருளைவிட லேபர் பெரிது. கியர்பாக்ஸை இறக்கிய பிறகு டிஸ்க் மட்டும் போட்டு ரிலீஸ் பேரிங்கை விட்டால், பேரிங் கத்தும் அன்று மறுபடி கியர்பாக்ஸ் இறங்கும். டைமிங் பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், பெல்ட்டில் சுற்றும் வகையானால் வாட்டர் பம்ப்பும் சேர்த்து. பம்ப் கசிந்து பெல்ட் அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வு வளையும்.

மிச்சம் பிடிக்கவும் இடம் இருக்கிறது. வைப்பர் ரப்பர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், பல்பு எல்லாம் வீட்டிலேயே மாற்றலாம். கண்ணாடி, கதவு, ஹெட்லைட், சீட் போன்றவற்றை சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் தாராளமாக வாங்கலாம்; கதவு வாங்கினால் அடி விளிம்பைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். கார் கம்பெனிப் பெட்டி இல்லாவிட்டாலும் ரானே, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பாஷ் போன்றவர்களின் சொந்தப் பெட்டியில் வரும் பாகங்கள் போதும், பில்லும் சீலும் இருந்தால். வாரண்டி முடிந்த காருக்கு நல்ல மல்டிபிராண்ட் ஷெட் கம்பெனி சர்வீஸைவிடப் பல வேலைகளில் மேல். கண்முன் நின்று பார்க்க விடுவார்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டால் கையில் கொடுப்பார்கள். கொடுக்க யோசித்தால், புதுப் பாகம் போட்டார்களா என்று சக்கரத்தைக் கழற்றியே பார்த்துக்கொள்ளுங்கள்.