எங்கள் ஊர் கண் முகாமும் அதைத் தாங்கும் கமிட்டிகளும்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு சின்ன அறக்கட்டளை வருடந்தோறும் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறது. டாக்டர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து வருவார்கள். இந்த முறை என் அப்பத்தாவுக்குப் புரை முற்றியிருப்பதை அங்கேதான் பார்த்துச் சொன்னார்கள். அன்றைக்கே பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பைசா செலவில்லை. டாக்டர்களைப் பாராட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது எங்கள் ஊர்க் கமிட்டிகளைப் பற்றி.

1976இல் 11 படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனை அது. முகாம் விஷயத்தில் அவர்களுடைய ஏற்பாடு தெளிவானது. வைத்தியம், மருந்து, கருவி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது, சாப்பாடு எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. எங்கள் அறக்கட்டளை இந்த உள்ளூர் வேலையைக் கமிட்டி கமிட்டியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அறங்காவலர்கள் பணத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறார்கள். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிற வழக்கம் கிடையாது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது விளம்பரக் கமிட்டி. அதில் பாதிப் பேர் சுயஉதவிக் குழுப் பெண்கள். நோட்டீஸ் ஒட்டுவதோடு அவர்கள் நிற்பதில்லை. நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கே போய்ச் சொல்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற வயதானவர்களிடம் பேசுகிறார்கள். முகூர்த்த நாளும் அறுவடை நேரமும் பார்த்துத்தான் தேதி குறிப்பதே. என் அப்பத்தா "இந்த வயசுல எனக்கு எதுக்குடா கண்ணு" என்று பிடிவாதமாக இருந்தது. நாங்கள் சொல்லிக் கேட்கவில்லை. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, "அப்பத்தா, எங்க அம்மாவுக்கும் போன வருசம் இங்கதான் செஞ்சோம். இப்ப அவுகளே அரிசி பொடைக்கிறாக" என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தது. தென்னிந்தியக் கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வு 1999இல் வந்தது. கண் பரிசோதனை தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்தார்கள் என்றது அது. பயம், கூட வர ஆளில்லாமை, வீட்டு வேலை என்று ஆளுக்கொரு தடை. அதை நோட்டீஸ் தீர்க்காது, திண்ணைப் பேச்சுதான் தீர்க்கும்.

முகாம் நாளில் பள்ளிக்கூட வகுப்பறைகளைப் பார்வைச் சோதனை, கண் அழுத்தம், சர்க்கரை, பிரஷர் என்று பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் கல்லூரிப் பிள்ளைகள் இருவர், கைபிடித்து அடுத்த அறைக்குக் கொண்டுவிட. வைத்தியம் சம்பந்தமாக யார் எது கேட்டாலும் "டாக்டர் சொல்வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். சரியான பழக்கம். சாப்பாட்டுக் கமிட்டி எலுமிச்சை சாதம் போட்டது. சர்க்கரைக்காரர்களைக் காக்க வைக்காமல் முதலில் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. பதிவு வரிசைக்குப் பந்தல் போதவில்லை. காலையிலேயே வெயிலில் நின்ற கிழவிகளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மதுரை பஸ்ஸில் துணைக்குப் போன தன்னார்வலர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் நோயாளிகள்தான் அதிகம் இருந்தார்கள், இரண்டு பெண்களாவது கூடப் போயிருக்க வேண்டும்.

பெரிய குறை அதற்குப் பிறகு. ஆபரேஷன் ஆனவர்களை ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். கண்ணாடி வேண்டுமா, உள்ளே ஏதும் கோளாறா என்று அப்போதுதான் தெரியும். அதற்கென்று எங்கள் ஊரில் கமிட்டியே இல்லை. ஆட்டோவில் மைக் கட்டி ஒருமுறை சொன்னதோடு சரி. எங்கள் தெருவில் இரண்டு பேர் போகவே இல்லை. பார்வை வந்துவிட்டது, இனி எதற்கு என்கிறார்கள். முகாமுக்கு அழைத்த அதே அக்காமார்களிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் போதும், வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்துவிடுவார்கள். இதை அறக்கட்டளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கமிட்டியில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லி.

அடுத்த முகாமுக்கு வருகிறவர்கள் ஆதார் அட்டை, சாப்பிடுகிற மாத்திரைகள், இரண்டு மாற்று உடுப்பு கொண்டு வாருங்கள். ஆபரேஷன் தேவை என்றால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டியிருக்கும். வெறும் வயிற்றோடு வராதீர்கள். காலையில் சீக்கிரம் வந்தால் வெயிலுக்கு முன் பதிவு முடிந்துவிடும்.