பார்பரா ஜோர்டனைத் தேட டெக்சாஸ் சட்டமன்ற நூலகத் தளம்: எது கிடைக்கும், எது கிடைக்காது

டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் பார்பரா ஜோர்டன். பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டனில் அவர் பேசியவை யூடியூபில் எளிதாகக் கிடைக்கின்றன. 1967 முதல் ஆறு ஆண்டுகள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் செனட் உறுப்பினராக அவர் பார்த்த வேலையைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு டெக்சாஸ் சட்டமன்ற நூலகமான லெஜிஸ்லேடிவ் ரெஃபரன்ஸ் லைப்ரரியின் இணையதளம் அருமையான இடம். கட்டணம் கிடையாது, கணக்கு தொடங்கவும் வேண்டாம்.

பலரும் முதலில் போவது 'டெக்சாஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன்' என்ற வேறு தளத்துக்கு. அங்கே மசோதாக்கள் 1989-இல் கூடிய 71-வது சட்டமன்றத்திலிருந்துதான் இருக்கின்றன. ஜோர்டன் அதற்கு வெகு முன்னால்.

நூலகத் தளத்தில் அவருடைய உறுப்பினர் பக்கத்தைத் திறந்தால் தொகுதி, பதவிக்காலம், இருந்த குழுக்கள், கொண்டுவந்த மசோதாக்கள் எல்லாம் வரிசையாக வரும். பழைய மசோதாக்களின் மூலக் கோப்புகளையே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். குழு அறிக்கையும் திருத்தங்களும் கூடவே இருப்பதால், முதலில் எழுதியது எப்படி மாறி நிறைவேறியது என்று பக்கம் பக்கமாக ஒப்பிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே தளத்தைப் பரிந்துரைக்கலாம். கீழவையில் பிறந்த மசோதாவை செனட்டில் அவர் எடுத்து நடத்தியிருந்தால் அது 'ஸ்பான்சர்' பட்டியலில் இருக்கும். தன் அவையில் அவரே கொண்டுவந்தவை இருக்கும் 'ஆத்தர்' பட்டியலை மட்டும் பார்த்து முடித்துவிட வேண்டாம்.

அதிகம் தடுக்கி விழுவது கூட்டத்தொடரில்தான். 1971-72-இன் 62-வது சட்டமன்றம் வழக்கமான 140 நாளோடு நிற்கவில்லை. நான்கு சிறப்புக் கூட்டத்தொடர்கள் நடந்தன. ஜோர்டன் செனட்டின் தற்காலிகத் தலைவரானது 1972 மார்ச் 28, இரண்டாவது சிறப்புத் தொடரில். ஆளுநரும் துணை ஆளுநரும் வெளிமாநிலம் போயிருந்த ஜூன் 10 அன்று அவர் ஒரு நாள் ஆளுநராக இருக்க வழிவிட்டது, அவர்களுக்கு அடுத்த வரிசையில் இருக்கும் இந்தப் பதவிதான். வழக்கமான தொடரையே தேர்ந்தெடுத்துவிட்டு 'ஒன்றும் இல்லையே' என்று திரும்புபவர்கள் நிறைய. அவை நடவடிக்கைகளைப் பதியும் குறிப்பேட்டையும் சொல்லைப் போட்டுத் தேடாமல் தேதியை வைத்துத் திறப்பது நல்லது. மங்கலான பழைய அச்சை ஸ்கேன் எப்போதும் சரியாகப் படிப்பதில்லை.

பெரிய குறை ஒன்று உண்டு. மசோதா எண்ணிக்கையை வைத்து அவரை எடைபோட்டால் கணக்கு தப்பும். 31 பேர் கொண்ட செனட்டில் வரிசையை மீறி ஒரு மசோதாவை எடுக்க அந்தக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. 11 பேர் சேர்ந்தால் தடுத்துவிட முடிந்தது. வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் மசோதா ஒன்றை 1967-இல் ஜோர்டன் ஆள் சேர்த்து நிறுத்தியது இப்படித்தான். அந்த வெற்றி அவர் பெயரில் பதிவாகாது, மசோதா வேறொருவருடையது. குறிப்பேட்டிலும் தீர்மானம், திருத்தம், வாக்கு விவரம்தான் இருக்கும், பேச்சு முழுவதுமாக இருக்காது. நடைபாதையில் நடந்த பேரத்தை எந்தத் தாளும் காட்டாது.

1962, 1964 தோல்விகளையும் அங்கே தேட வேண்டாம். ஹாரிஸ் கவுண்டி முழுவதும் வாக்களித்த கீழவைத் தேர்தல்கள் அவை. 1965-இல் தொகுதிகளைத் திருத்தி வரைந்த பிறகே, 1966-இல், 11-வது செனட் தொகுதியில் அவரால் ஜெயிக்க முடிந்தது.

1973-க்குப் பிந்தைய மசோதாக்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் டாட் கவ் தளம். அவருடைய சொந்தக் காகிதங்கள் ஹூஸ்டனில், அவர் படித்த டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.