சேமியாவும் சீப்பும்: இரண்டரை வருடக் கணக்கு

எங்கள் ஷிட்சு நாய்க்குட்டிக்குச் சேமியா என்று பெயர் வைத்தவள் என் மகள். முடி நீளநீளமாகத் தொங்கப்போகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு 58 நாள். இப்போது இரண்டரை வயது தாண்டிவிட்டது. இதற்குள் வாங்கிக் குவித்த பிரஷ், சீப்பு, டிரையர், நகவெட்டி எல்லாம் ஒரு கட்டைப்பை நிறைய இருக்கின்றன. தினமும் கையில் எடுப்பது அதில் இரண்டைத்தான்.

வந்த மூன்றாம் நாளே ஸ்லிக்கர் பிரஷ்ஷை எடுத்தேன். முனை வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த பிரஷ் அது. அவன் அதைப் பொம்மை என்று நினைத்துக் கடித்தான், நான் இறுக்கிப் பிடித்து வாரினேன். அடுத்த நாள் பிரஷ் இருக்கும் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டாலே சோபாவுக்கு அடியில் போய்விட்டான். தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் புலம்பினேன். "பிரஷ்ஷைக் கொஞ்ச நாள் மறந்துடுங்க. முதல்ல உங்க கையைப் பழக்குங்க" என்றார்.

அப்படியே செய்தேன். பாதத்தைத் தொட்டு மூன்று எண்ணுவது, வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று. காது மடலைத் திருப்பிப் பார்ப்பது, இன்னொன்று. வால் அடி, அக்குள், தாடை என்று ஒரு வாரம் வெறும் கை. பிறகு பிரஷ்ஷின் முதுகுப்பக்கம். அதன் பிறகுதான் கம்பிப்பக்கம், அதுவும் இரண்டே இழுப்பு. ஒரு தடவைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது, ஆனால் நாளைக்கு மூன்று நான்கு தடவை. அவன் உதட்டை நக்கினாலோ, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விட்டாலோ நிறுத்திவிடுவேன். 'போதும்' என்பதை அவன் அப்படித்தான் சொல்கிறான். அதைக் கண்டுகொள்ளாவிட்டால் அடுத்தது உறுமல், அதற்கும் அடுத்தது பல்.

கால அட்டவணையில் ஒரு சிக்கல் இருக்கிறது. குட்டிகள் புதுச் சத்தம், புது ஆள், புதுத் தொடுகையை எளிதாக ஏற்றுக்கொள்வது ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம்வரைதான். குட்டிக்கான தடுப்பூசி வரிசை முடியவோ 16 வாரம் ஆகிறது. அதற்கு முன்னால் நாலு நாய் வந்துபோகும் பார்லரில் கொண்டுபோய் விட முடியாது, பார்வோ என்கிற தொற்றுநோய் பயம். எனவே பார்லரை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அவன் சாப்பிடும்போது பக்கத்து அறையில் என் ஹேர் டிரையர் ஓடும். வீட்டுக்காரரின் தாடி டிரிம்மரை ஓடவிட்டு, அதன் பின்பக்கத்தை மட்டும் அவன் முதுகில் வைத்து எடுப்பேன். வாஷிங் மெஷின் மேல் ரப்பர் மேட் விரித்து நிற்கவைத்துப் பழக்கினேன், ஒரு கை எப்போதும் அவன் மேல் இருக்கும். பார்லர் மேசையின் உயரம் அவனுக்குப் புதிதாகவே தெரியவில்லை.

முதல் தடவை பார்லருக்குப் போனது எதுவும் செய்யாமல் திரும்பி வரத்தான். மேசையில் ஏறினான், அங்கிருந்த பெண் கையால் கோழி தின்றான், இறங்கினான். இரண்டாம் தடவை குளியல் மட்டும். மூன்றாவதில்தான் கத்தரி.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்பதாம் மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தினமும் வாருகிறேன், மேலே பட்டு மாதிரி இருக்கிறான். பார்லர் பெண் ஸ்டீல் சீப்பை எடுத்துக் காதுக்குப் பின்னால் விட்டார். அரை அங்குலம்கூட இறங்கவில்லை. அடியில் தோலோடு தோலாக, கம்பளி மாதிரி ஒரே சடை. குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வருகிற பருவம் அது. உதிர்ந்தது கீழே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நான் மேலாப்பில் வாரிக்கொண்டிருந்திருக்கிறேன். அதோடு குளிப்பாட்டியும் விட்டேனா, நனைந்து காய்ந்த சிக்கு இன்னும் இறுகிவிட்டது. அன்று முழுக்க ஒட்ட வெட்டவேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து மகள் அழுதாள். "யாருடி இது, எலிக்குட்டியாட்டம்" என்றார் அம்மா.

ஆனால் வழி சொன்னதும் அம்மாதான். சின்ன வயதில் என் இடுப்புவரை முடிக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்த கை அது. "உச்சியில சீப்பை வச்சு இழுத்தா சிக்கு இறுகத்தான் செய்யும். நுனியைப் பிடிச்சு வா, வேரைக் கையில பிடிச்சுக்கோ" என்றார். வேரைப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போவதில்லை. அதோடு பார்லர் பெண் காட்டிக்கொடுத்தது வகிடு எடுத்து வாருவது: ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற மாதிரி வகிடெடுத்து, கீழ் வரிசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவது. கடைசியில் ஸ்டீல் சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடங்கலின்றிப் போனால்தான் அன்றைய வேலை முடிந்தது. குளியலுக்கு முன்னால் இது கட்டாயம். மழைநாளில் ஹார்னஸ் (மார்பில் மாட்டும் பட்டை) உரசும் அக்குளில் ஒரே நாளில் சிக்கு விழும், வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுகிறேன்.

சாமான் கணக்கு. ஒரு பாதி நெருக்கமும் மறு பாதி இடைவெளியுமாகப் பல் உள்ள ஸ்டீல் சீப்பு, வாங்கியதிலேயே உருப்படியானது. இரண்டு வருடத்தில் ஒரு பல் வளையவில்லை. ஸ்லிக்கர் இரண்டாவது ஓடுகிறது. முதலாவதில் ரப்பர் மெத்தை கிழிந்து கம்பிகள் உள்ளே போய்விட்டன. வாங்கும்போது உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள், கீறினால் அவனுக்கும் கீறும். உதிர்முடி எடுக்க என்று விற்கும் கத்தி வைத்த சீப்பு ஷிட்சுவுக்கு வேண்டவே வேண்டாம், நல்ல முடியையும் அறுக்கிறது. எதிர்பாராமல் கைகொடுத்தது அம்மாவின் பேன் சீப்பு. கண்ணோரப் பீளையை ஈரத்துணியால் ஊறவைத்து அதால் எடுத்தால் சுத்தமாக வருகிறது. அம்மா கொடுத்த சீயக்காய்ப் பொடியை மட்டும் மறுத்துவிட்டேன். நம் ஷாம்பூவும் கூடாது. நாய்த்தோலின் அமிலத்தன்மை நம்முடையதைவிடக் குறைவு.

இடையில் வீடு மாறியபோது வேறொரு பார்லர். "ஓனர் இருந்தா நாய் அடம்பிடிக்கும், வெளியே இருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தவனுக்குக் குரல் கம்மியிருந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் மேசையைக் கண்டாலே நடுங்கினான், மறுபடி முதல் பாடத்திலிருந்து. இப்போது பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். நான் பார்க்கலாமா? கூண்டில் அடைத்துச் சூடான காற்று விடுவீர்களா? சப்பை மூக்கு நாய்களால் மூச்சிரைத்து உடல் சூட்டைச் சரியாக இறக்க முடியாது, சூட்டுக் கூண்டு உயிருக்கே ஆபத்து. இரண்டாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் கிளம்பிவிடுவேன்.

நகம்தான் என் தோல்வி. கறுப்பு நகத்தில் உள்ளே ரத்தநாளம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒருநாள் வெட்டிவிட்டேன். சோளமாவை அழுத்திப் பிடித்து ரத்தம் நின்றது, அவன் நம்பிக்கை நிற்கவில்லை. இன்னும் என்னிடம் பின்னங்கால் தரமாட்டான். பார்லர் பெண்ணிடம் நாலு காலையும் நீட்டுகிறான். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இப்போதைய வழக்கம் இது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் பழைய துண்டு விரிப்பேன். அவனே வந்து மடித்த தலையணையில் தாடையை வைப்பான். தாடை இருக்கும்வரை வாருவேன், எடுத்தால் நிறுத்துவேன். முதலில் நாலு விநாடிக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டிருந்தான். இப்போது பாதி வாரும்போதே குறட்டை. மகள் தயிர்க் கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னங்காலுக்கு நான் நகரும்போது மட்டும் அது தேவைப்படுகிறது.