ரம்ப மேசை செய்யக் கொடுத்து 650 வெள்ளி போச்சு: சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 650 வெள்ளி. டவுனில் மரச்சாமான் செய்து கொடுக்கும் ஒரு கடை. புகார் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை. இந்த மாதிரி வேலை கொடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டு வேலைக்கு ஒரு பழைய ரேடியல் ஆர்ம் ரம்பம் வைத்திருக்கிறேன். மேலே இரும்புக் கையில் மோட்டாரும் பிளேடும் தொங்கியபடி முன்னும் பின்னும் ஓடும். கீழே மேசை, அதன் குறுக்கே ஃபென்ஸ், அதாவது வெட்டும் பலகையை அணைத்து நிறுத்தும் கட்டை. இரண்டுமே பிளேடு பட்டுத் தேய்கிற சாமான், அவ்வப்போது மாற்றித்தான் ஆகணும். என் மேசை ஈரத்தில் ஊதி ஓரமெல்லாம் உதிர்ந்துபோனது. முதுகு வலியால் பலகை தூக்க முடியாமல் வெளியில் கொடுத்தேன்.

கடை ஆள் வீட்டுக்கே வந்தார். வாயைத் திறப்பதற்கு முன் பிளேடை மேசையின் ஒவ்வொரு மூலைக்கும் நகர்த்தி, அடியில் தீப்பெட்டியைச் செருகி இடைவெளி பார்த்தார். "அண்ணே, ரசமட்டம் வச்சுப் பார்த்து பிரயோசனம் இல்ல. மேசை இந்தக் கை ஓடுற ஓட்டத்துக்கு மட்டமா இருக்கணும். முதல்ல அடியில இருக்கிற ஆங்கிள் இரும்பைச் சரி பண்ணணும், அப்புறம்தான் பலகை." அத்தனையும் சரியான பேச்சு. வேலை தெரியாதவன் வாயில் இது வராது. 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், ஃபென்ஸுக்கு நேரான மெராந்தி மரக்கட்டை, சாமான் வாங்க முழுப்பணமும் முன்னாடி. சரி என்று அங்கேயே 650 வெள்ளியைக் கொடுத்துவிட்டேன்.

பொருத்த வந்ததோ இரண்டு பையன்கள். பிளைவுட்டுக்குப் பதில் வெள்ளை லேமினேட் ஒட்டிய சிப்போர்டு, மரத்துகளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. ஆங்கிள் இரும்பைத் தொடவே இல்லை. ஃபென்ஸ் என்பது முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் கிளாம்ப் இறுக்கத்தில் நிற்கணும், வெட்டுப்பட்டுப் போனால் உருவி மாற்ற. அதைப் பசை போட்டு ஆணி அடித்துவிட்டார்கள், அதுவும் நடுவில் வளைந்த கட்டை! பிளேடு ஓடும் பாதையிலேயே ஒரு ஸ்குரூத் தலை வேறு. மோட்டாரைப் போடாமல் கையால் இழுத்துப் பார்த்ததால் தப்பித்தேன். கார்பைடு பல் அதில் பட்டுத் தெறித்திருந்தால் முகம் போயிருக்கும்.

போன் அடித்தேன். "பலகை செட் ஆகணும்ணே, ரெண்டு வாரம் விடுங்க." சிப்போர்டு என்ன தயிரா, செட் ஆக? அப்புறம் "உங்க மெஷின் பழசு, ஆர்ம்தான் கோணல்." செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? அப்புறம் "தவுக்கே (முதலாளி) ஈப்போ போயிருக்காரு." கடைக்கே போனால் வீட்டுக்கு வந்து பேசின அந்த ஆள் சட்டையில் மரத்தூளைத் தட்டிக்கொண்டே பின்கதவு வழியாக நழுவுகிறார். இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. 650 வெள்ளி!

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத எரிகிறது. முழுப்பணம் முன்னாடி கொடுக்காதீர்கள். என்ன பலகை என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், பிளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தெரியும். பேசின ஆளே வந்து பொருத்தணும். அவ்வளவுதான்.

ரசீது இருக்கிறது, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன். பதிவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. அதே கடையில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாமல் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.