மதுரை ரோட்டுக்கு மின்சைக்கிள்: பின்சக்கரத்தைப் பார்த்து வாங்குங்கள்

இங்கே பேசுவது 36 வோல்ட், 7.65 ஆம்பியர்-ஹவர் பேட்டரியும், பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டாரும் (சக்கரத்தின் நடுக்குடத்திலேயே இருக்கும் மோட்டார்) வைத்து வரும் பெடல் அசிஸ்ட் சைக்கிள், அதாவது நாம் மிதிக்கும்போது மோட்டாரும் சேர்ந்து தள்ளும் வண்டி. மோட்டார் 250 வாட்டைத் தாண்டாது, வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாது. அதனால் லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். கம்பெனி பெயர் மாறினாலும் இந்த வகை வண்டிகளின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் மைலேஜ் கணக்கு. 36-ஐ 7.65-ஆல் பெருக்கினால் 275 வாட்-ஹவர். ஒழுங்காக மிதித்து ஓட்டினால் கிலோமீட்டருக்கு 9, 10 வாட்-ஹவர் போகும். ஆக 27 முதல் 30 கிலோமீட்டர். மிதிக்காமல் த்ராட்டிலைத் திருகிக்கொண்டே போனால் 18-ஐத் தாண்டுவதே பாடு. திருப்பரங்குன்றத்திலிருந்து சிம்மக்கல் போய்த் திரும்புகிறவருக்கு மிதித்தால் தாராளம், திருகினால் நடுவழிதான். சார்ஜ் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2 ஆம்பியர் சார்ஜரில் நாலு மணி நேரம், மூன்றில் ஒரு பங்கு யூனிட்.

விலை குறைந்த வண்டிகளில் இருப்பது மிதியின் சுழற்சியை மட்டும் பார்க்கும் சென்சார். பெடல் அச்சில் காந்தம் பதித்த ஒரு வட்டு, அதற்கு எதிரே சின்னக் கண். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மிதி கொஞ்சம் சுற்றிய பிறகுதான் மோட்டார் விழிக்கும். மிதியை நிறுத்தினாலும் ஒரு கணம் தள்ளிவிட்டுத்தான் ஓயும். மாசி வீதி நெரிசலில் அந்த ஒரு கணம் முன்னால் போகிறவர் முதுகில் கொண்டுபோய் விடும். அங்கே அசிஸ்டை (மோட்டார் தள்ளும் அளவை) ஒன்றாம் நிலைக்கு இறக்கி, விரலைப் பிரேக் லிவர் மேலேயே வைத்திருக்க வேண்டும். லிவரை லேசாகத் தொட்டாலே மோட்டார் கட் ஆகிவிடும்.

எல்லீஸ் நகர் மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் கியரைக் குறைத்து நாமும் மிதித்தால் சிரமமில்லை. சக்கரம் மெதுவாகச் சுழலச் சுழல ஹப் மோட்டார் கரண்டைச் சூடாகத்தான் வீணாக்கும். பாலத்தில் சார்ஜ் காட்டும் கட்டைகளில் ஒன்று இறங்கி, சமதளத்துக்கு வந்ததும் திரும்ப ஏறுவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது கோளாறு இல்லை. மோட்டார் அதிகம் இழுக்கும்போது வோல்டேஜ் தணிகிறது, அவ்வளவே. கடைசிக் கட்டையில் பாலம் ஏறினால் மட்டும், மோட்டாருக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். பிறகு 22 கிலோ சொச்ச வண்டியைக் காலால்தான் மேலே ஏற்ற வேண்டும்.

உண்மையான தலைவலி பின்சக்கரப் பஞ்சர். ஊரைத் தாண்டினால் ரோட்டோரமெல்லாம் சீமைக் கருவேல முள். பஞ்சர் கடைக்காரர் மோட்டார் ஒயரைப் பார்த்ததும் கையை உதறிவிடுவார். சக்கரத்தைக் கழற்றவே தேவையில்லை என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி டியூபை வெளியே இழுத்தால் அப்படியே ஒட்டுப் போடலாம். டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். முள்ளின் முனை துணியில் மாட்டும். அதை எடுக்காமல் காற்றடித்தால் அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்கும்.

டியூபையே மாற்றுவதானால்தான் கழற்ற வேண்டும். மோட்டார் ஒயரை இணைக்கும் கப்ளரில் இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும். திருகாமல் நேராக இழுக்கணும்; மாட்டும்போது அம்புகள் நேருக்கு நேர் நிற்கணும். பெரும்பாலும் அச்சு நட்டுக்கு 18-ஆம் நம்பர் ஸ்பேனர். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூக்கு வைத்த வாஷர் ஒன்று உண்டு. அந்த மூக்கு ஃபிரேமின் பள்ளத்தில் உட்கார வேண்டும். அதை விட்டுவிட்டால் மோட்டார் இழுக்கும்போது அச்சே சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும். அப்புறம் மோட்டாரைப் பிரிக்கிற வேலை. ஒயர் அச்சைவிடத் தாழ்வாக வளைந்து தொங்கினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது.

பின்சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளும் சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் தளரும். முதல் 200 கிலோமீட்டருக்குள் ஒருமுறை இறுக்கி, கோட்டம் எடுத்துவிடுங்கள்.

"மோட்டார் செத்துப்போச்சு" என்று கடைக்கு வரும் வண்டிகளில் பல, பிரேக் லிவர் முழுதாகத் திரும்பாமல் நிற்பவைதான். கேபிளில் தூசி ஏறி லிவர் இம்மியளவு உள்ளே நின்றாலும், பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் நினைக்கும். லிவரை வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். மோட்டார் உயிர்த்தால் கேபிளுக்கு எண்ணெய் போதும்.

அக்னி நட்சத்திர வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடக் கூடாது. பேட்டரியை நிழலில் முக்கால் மணி நேரம் ஆற விடணும். பேட்டரி ஃபிரேமுக்குள்ளேயே அடைத்து, கழற்ற முடியாதபடி வரும் மாடல்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வளவு வீட்டு மாடியில் இருக்கிறவர் வண்டியையே பிளக் பாயிண்டுக்குத் தூக்கிப் போக முடியுமா?

கடையில் பின்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி மிதியைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்குள் மோட்டார் எடுக்கணும். இடது லிவர், வலது லிவர் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலுமே கட் ஆகணும். ஒன்றில் ஆகவில்லை என்றால் "அது சும்மா செட்டிங்தான் சார்" என்பார்கள். அங்கேயே சரிசெய்து காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள். மாற்றுப் பேட்டரி என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.