தைப்பிங் ஏரிப் பூங்கா: அரை மணி நேரம் போதாது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற தைப்பிங் ஊருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர், ஏரிக்கரைத் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போன மாதம் அம்மாவுடன் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் போய் இரண்டு நாள் இருந்தேன். தங்கிய விடுதியிலும் "அரை மணி நேரம் போதும்" என்றுதான் சொன்னார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். ஒரு காலைப் பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள், முடிந்தால் வார நாளில்.

ஏன் என்றால், இந்த ஏரிகள் எல்லாமே வெள்ளீயம் தோண்டிய பழைய சுரங்கக் குட்டைகள். 19ஆம் நூற்றாண்டில் தைப்பிங்கைச் சுற்றிய லாருட் வட்டாரமே ஈயத்துக்காகக் கிளறிப்போட்ட பூமி. கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டத்தாரும் இந்த மண்ணுக்காகத்தான் பல வருஷம் அடித்துக்கொண்டு செத்தார்கள், 1874இல் ஆங்கிலேயர் முன்னின்று செய்த பங்கோர் ஒப்பந்தம் வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது, ஊருக்கும் 'பேரமைதி' என்று பொருள்படும் சீனப் பெயர் வந்தது. தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1885இல் போர்ட் வெல்ட் துறைமுகம் வரை மலாயாவின் முதல் ரயில் பாதையைப் போட்டார்கள். தோண்டி முடித்துக் கைவிட்ட குழிகளில் தண்ணீர் நின்றுவிட்டது, அதைத்தான் 1880களில் பூங்காவாக்கினார்கள். இது தெரிந்து நடந்தால் கண்ணே வேறு மாதிரி பார்க்கிறது. கரை ஏன் இப்படிக் கோணல்மாணலாகப் போகிறது, தண்ணீருக்கு நடுவே ஏன் திட்டுத் திட்டாக மண் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் புரியும்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். பின்னால் புக்கிட் லாருட் மலை, பாதி மஞ்சுக்குள். மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. மரங்களின் கிளைகள் பாதையைத் தாண்டிப் போய் ஏரியைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்திருக்கின்றன, நூறு வருஷத்துக்கு மேல் வயதான மரங்கள், தண்டெல்லாம் பாசியும் பெரணியும். ஓர் உடும்பு நிதானமாகக் கரையேறிப் போனது. அம்மா ஒரு மணி நேரம் எதுவும் பேசவில்லை, அவர் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

சரி, போகிறவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் இல்லை. தரை சமமாக இருப்பதால் அம்மாவின் முழங்கால் வலிக்கும் ஒத்துவந்தது. தண்ணீர் போத்தல் எடுத்துப் போங்கள். குடை கட்டாயம், தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர் இது. பிள்ளைகளோடு போனால் பக்கத்திலேயே விலங்குத் தோட்டம் இருக்கிறது. 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகமும் தூரமில்லை, ஆனால் அதை ஏரியோடு சேர்த்து ஒரே காலையில் திணிக்காதீர்கள்.

இந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கு மலாயில் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி, என்றும் ஒரு பெயர் உண்டு, சாயங்காலம் ஆனால் இலைகளை மூடிக்கொள்வதால். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றதால் மறுநாள் மாலை மறுபடியும் போனோம். நாலரைக்கு மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி ஏரி கறுத்தது. ஐந்து அடிக்கும் முன்பே இலைகள் மூட ஆரம்பித்துவிட்டன.